போர் முடிந்த மறுநாள் கப்பல் வராது

"ஏனுங்கண்ணா, அங்க சண்டைதான் நின்னு போச்சே. அப்புறமும் எதுக்குங்க கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்தியே போகுது?"

கேட்டவன் எங்கள் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் பையன். 2025 அக்டோபர், காசாவில் போர்நிறுத்தம் வந்த வாரம். அவிநாசி ரோட்டில் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடை. அந்த ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டதிலிருந்து திருப்பூருக்கு ஐரோப்பா ஆர்டர்தான் பிடிமானமாக இருந்தது. அந்த ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டிகளை மடித்து, டேப் ஒட்டி, அடுக்கி அனுப்புகிறவன் அவன். கேட்க வேண்டியவன்தான் கேட்கிறான்.

நான் சுமார் இருபத்தைந்து வருடமாக ஷிப்பிங் டாகுமெண்ட் பார்க்கிறவன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். என்று காகிதத்திலேயே கடலைப் பார்த்துப் பழகியவன். "உட்காரு கண்ணு, இதுக்கு ஒரு டீ பத்தாது" என்றேன்.

முதலில் பெட்டி போகும் வழியைச் சொன்னேன். அவன் டேப் ஒட்டிய கார்ட்டன் லாரி ஏறி, திண்டுக்கல், மதுரை தாண்டி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடித் தூத்துக்குடி போகிறது. அங்கே வ.உ.சி. துறைமுகத்தில் சின்னக் கப்பலில் ஏறுகிறது. ஃபீடர் என்போம். நம் ஊர் மினி பஸ் மாதிரி. பெரிய பஸ் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். பெரிய பஸ் நிற்கிற இடம் கொழும்பு. தூத்துக்குடியிலிருந்து ஒரு ராத்திரி ஓட்டம்தான். அங்கே நம் கன்டெய்னரை இறக்கி, ஐரோப்பா போகும் தாய்க்கப்பலில் மாற்றி ஏற்றுவார்கள். அந்தக் கப்பல் அரபிக்கடலைத் தாண்டி, ஏமன் ஓரமாக பாப் எல் மண்டப் நீரிணைக்குள் நுழைந்து, செங்கடல் முழுக்க ஏறி, சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போக வேண்டும். கொச்சியில் ஏற்றினாலும் சூயஸ் வழிதான்.

2023 நவம்பர் 19 அன்று, காசா போரைக் காரணம் காட்டி, ஏமனின் ஹூத்திகள் 'கேலக்ஸி லீடர்' என்ற கப்பலைச் செங்கடலில் பிடித்தார்கள். டிசம்பரில் பெரிய கப்பல் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வழியை மாற்றிக்கொண்டன. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் பத்து முதல் பதினான்கு நாள் கூடுதல். 2023-ல் சூயஸைக் கடந்த கப்பல்கள் 26,000-க்கு மேல். 2024-ல் 13,000 சொச்சம். சரிபாதி.

"அப்ப கால்வாயை மூடிட்டாங்களா?"

"அதைத்தான் கவனிக்கணும். ஒரு நாள்கூட மூடலை."

அவன் நம்பவில்லை. யாரும் உடனே நம்ப மாட்டார்கள். பூட்டினால்தானே திறக்க வேண்டும்? இங்கே பூட்டே போடவில்லை. சரக்கை நிறுத்தியது பயம். அந்தப் பயத்துக்கு லண்டனில் ஒரு விலை போடுகிறார்கள். அதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

ஒவ்வொரு கப்பலுக்கும் இன்சூரன்ஸ் உண்டு. புயல், மோதல், தீ எல்லாம் அதில் அடங்கும். போர் அடங்காது, அதற்குத் தனி பாலிசி. லண்டனில் இன்சூரன்ஸ்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு குழு, எந்தெந்தக் கடல் ஆபத்தானது என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ள தண்ணீருக்குள் கப்பல் நுழைய வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். வழக்கமாக அது ஏழு நாளுக்குத்தான் செல்லும். ரேட் கப்பலின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று இருக்கும். செங்கடலில் நிலைமை மோசமாக இருந்தபோது 1 விழுக்காடு வரை கேட்டார்கள். 10 கோடி டாலர் பெறுமான கப்பல் என்றால் ஒருமுறை உள்ளே போக 10 லட்சம் டாலர். அந்தக் காசுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றும் எண்ணெய்ச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கப்பல்காரன் கணக்குப் போடுவான். கணக்குக்குள் வராத ஒன்றும் உண்டு: கப்பலில் வேலை செய்கிறவர்கள். கேலக்ஸி லீடரின் 25 பேரும் ஓராண்டுக்கு மேல் பிணையாக இருந்து 2025 ஜனவரியில்தான் விடுபட்டார்கள். எந்த மாலுமியின் மனைவி அதற்குப் பிறகு நிம்மதியாக அனுப்பி வைப்பாள்?

அந்த ஜனவரியிலும் காசாவில் ஒரு போர்நிறுத்தம் வந்தது. பேப்பரில் அப்போதும் இதே மாதிரி தலைப்புதான். ஆனால் ஜூலையில் 'மேஜிக் சீஸ்', 'எட்டர்னிட்டி சி' என்று இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டு மூழ்கின. ஒருதடவை சொல்லை நம்பிக் கெட்டவன் அடுத்த தடவை யோசிக்கத்தான் செய்வான்.

இரண்டாவது டீ வந்தது. நான் 2001-க்குப் போனேன். இந்த விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது கொழும்புதான்.

2001 ஜூலை 24. விடுதலைப் புலிகள் கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாக்கினார்கள். விமானங்கள் எரிந்தன. கட்டுநாயக்க, கொழும்புத் துறைமுகத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் போல இருக்கும். துறைமுகத்தில் அன்று ஒரு கிரேனுக்கும் சேதமில்லை, ஒரு கப்பலுக்கும் கீறலில்லை. ஆனால் லண்டனில் விமானத்துக்கு மட்டுமில்லாமல் கப்பலுக்கும் போர் பிரீமியத்தை ஏற்றினார்கள். 1996-ல் துறைமுகத்துக்குள்ளேயே ஒரு தாக்குதல் நடந்திருந்தது, அதையும் மறக்கவில்லை. தாய்க்கப்பல்கள் கொழும்பைத் தவிர்க்க ஆரம்பித்தன. வந்த கப்பல்களும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் கூடுதல் கட்டணம் போட்டன. இலங்கை அரசு தன் பணத்தை லண்டனில் வைப்பாகக் கட்டிப் பிரீமியத்தை இறக்கப் பாடுபட்டது. அந்த வருடம் இலங்கையின் பொருளாதாரம் சுதந்திரத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சுருங்கியது. வறட்சி, மின்வெட்டு, உலகச் சந்தை மந்தம் என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் துறைமுகம் பட்ட அடி அதில் கணிசம்.

நான் அப்போது வேறொரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த கிளார்க். சி.ஐ.எஃப். ஆர்டர் ஒன்று, அதாவது கப்பல் கூலியும் இன்சூரன்சும் எங்கள் பொறுப்பு. ஃபார்வர்டர் பில் வந்தது. கப்பல் கூலி, டெர்மினல் கட்டணம், டாகுமெண்ட் சார்ஜ் என்று வழக்கமான வரிகள். அவற்றுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: வார் ரிஸ்க் சர்சார்ஜ். டைப் அடித்ததில் அந்த வரி மட்டும் கொஞ்சம் இறங்கி இருந்தது. நான் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தப்பில்லப்பா. கொழும்புல வெடிச்சது இங்க வந்து விழுந்திருக்குது." அந்த ஆர்டரில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

2002 பிப்ரவரி 22 அன்று அரசும் புலிகளும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மார்ச் மாதப் பில்லிலும் அந்த வரி இருந்தது.

ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குச் சொல்ல முடியும். இன்சூரன்ஸ்காரன் ஒப்பந்தத்தைப் படிக்க மாட்டான், அமைதியான நாட்களை எண்ணுவான். அவன் எண்ணி முடித்த பிறகு கப்பல் கம்பெனி யோசிக்கும். தாய்க்கப்பல் ஒன்று தனியாக ஓடுவதில்லை. வாரம் ஒரு கப்பல் வீதம் பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் ஒரே வட்டத்தில் சுற்றும். ஒரு துறைமுகத்தை அந்த வட்டத்திலிருந்து எடுத்தால் மற்ற எல்லாத் துறைமுகத்தின் கிழமையும் மாறும். திரும்பச் சேர்த்தாலும் அப்படித்தான். எடுப்பது அவசரத்தில் ஒரு நாளில் நடந்துவிடும். சேர்ப்பதற்கு யாருக்கும் அவசரமில்லை.

"நிட்டிங் மெஷின் பார்த்திருக்கியா?" என்று கேட்டேன். அவன் அப்பாவே நிட்டிங் ஆள்தான். வட்டமாகச் சுற்றும் மெஷின் கரண்ட் போய் நின்று மறுபடி ஓடினால் துணியில் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு விழும். நூல் அறுந்திருக்காது, ஊசி உடைந்திருக்காது. ஆனாலும் நின்ற இடம் தெரியும். சாயம் போட்ட பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். செக்கிங்கில் அதைத் தள்ளிவிடுவார்கள்.

இன்னும் பெரிய கோடு ஒன்று இந்த ஊர்மேலேயே விழுந்திருக்கிறது. 2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. நொய்யல் செத்துக்கொண்டிருந்தது, கீழே ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்த எவரும் அந்த உத்தரவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூடுவதற்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்திகரிக்க ஏற்பாடு செய்து, ஒவ்வொன்றாக அனுமதி வாங்கி, வெளியூருக்குப் போன ஆர்டரையும் சொந்த ஊருக்குப் போன ஆட்களையும் திரும்பக் கூட்டிவர ஆண்டுக்கணக்கில் ஆனது. சிலர் வரவே இல்லை. துறைமுகத்துக்கும் அதே கதைதான் என்றேன். அவனுக்கு அப்போது ஆறேழு வயது. வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறான்.

நிஜமாகவே பூட்டிப்போன சூயஸ் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. 1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் போர். கால்வாய் மூடியது. உள்ளே போய்க்கொண்டிருந்த 15 கப்பல்கள் மாட்டிக்கொண்டன. அதில் 14 கால்வாயின் நடுவே உள்ள பெரிய கசப்பு ஏரியில் நங்கூரம் போட்டபடி நின்றன. பாலைவன மணல் படிந்து படிந்து மஞ்சளாகிப்போனதால் அவற்றை மஞ்சள் கப்பற்படை என்று அழைத்தார்கள். மும்பையிலிருந்து லண்டனுக்குச் சுமார் 6,200 கடல்மைலாக இருந்த தூரம் ஆப்பிரிக்காவைச் சுற்றி 10,700 ஆனது. 1973-ல் மறுபடி ஒரு போர். 1974-ல் படைகள் விலகிய பிறகு சுத்தம் செய்யும் வேலை ஆரம்பித்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளின் கடற்படைகள் கால்வாயில் இறங்கின. சோவியத் படையும் அந்தப் பக்கத்துக் கடலில் கண்ணிவெடி அகற்றியது. வேண்டுமென்றே மூழ்கடித்திருந்த பத்துப் பெரிய கலங்களைத் தூக்கினார்கள். முக்குளிப்பவர்கள் கலங்கலான தண்ணீரில் கையால் தடவித் தடவி வெடிகளைத் தேடினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்த வேலை. 1975 ஜூன் 5 அன்று கால்வாய் திறந்தது. மூடி எட்டு வருடம்.

மாட்டிக்கொண்ட கப்பல்களில் இரண்டு ஜெர்மன் கப்பல்கள் மட்டும் தங்கள் எஞ்சினாலேயே ஓடி ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தன. மற்றவற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. கால்வாய் திறந்ததும் பழைய கூட்டம் முழுசாகத் திரும்பவில்லை. எட்டு வருடம் சுற்றிப் போன எண்ணெய்க் கம்பெனிகள், சுற்றுவது என்று ஆகிவிட்ட பிறகு பெரிசாகவே கட்டுவோம் என்று ராட்சதக் கப்பல்களைக் கட்டிவிட்டன. அவை கால்வாயின் ஆழத்துக்குள் அடங்கவில்லை. எகிப்து கால்வாயை அகலமும் ஆழமும் ஆக்க வேண்டி வந்தது. காத்திருக்கிற காலத்தில் உலகம் சும்மா இருப்பதில்லை; வேறு வழிக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. இந்தத் தடவையும் ஆப்பிரிக்காவைச் சுற்றுவதற்கென்று எத்தனையோ கூடுதல் கப்பல்களை ஓட்டத்தில் இறக்கிவிட்டார்கள். குறுக்கு வழிக்குத் திரும்பினால் அவற்றுக்கு வேலை இருக்காது, கூலி விழும். கப்பல்காரனுக்கு அதுவும் ஒரு தயக்கம்.

"சரிங்கண்ணா, நாளைக்கே எல்லாக் கப்பலும் சூயஸ் வழியா வருதுன்னு வைங்க. அப்பவாவது நமக்கு உடனே நல்லதுதானுங்களே?"

நல்ல கேள்வி. இல்லை, உடனே இல்லை. இன்றைக்கு நன்னம்பிக்கை முனை வழியாகக் கிளம்பும் கப்பலை நினைத்துக்கொள். இரண்டு வாரம் கழித்து சூயஸ் வழியாக இன்னொன்று கிளம்புகிறது. இரண்டும் ராட்டர்டாமில் ஒரே நாளில் போய் நிற்கும். கிரேன் அதே எண்ணிக்கை, ஆட்கள் அதே பேர், லாரி அதே லாரி. முன்னால் போன பஸ்ஸும் பின்னால் வந்த பஸ்ஸும் ஒரே ஸ்டாப்பில் சேர்ந்து நின்றால் எப்படி இருக்கும்? 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' குறுக்கே சிக்கி, கால்வாய் ஆறே நாள்தான் அடைபட்டது. காத்திருந்த நானூற்றுச் சொச்சம் கப்பல்கள் கால்வாயைக் கடந்துவிட்ட பிறகும் ஐரோப்பியத் துறைமுகங்களில் நெரிசல் வாரக்கணக்கில் இருந்தது. காலிக் கன்டெய்னர்களும் அங்கேயே தேங்கும். அவை கொழும்பு வந்து, தூத்துக்குடி வந்து, நம் லாரியில் ஏறி இங்கே வந்தால்தான் அடுத்த சரக்கு கிளம்பும். பெட்டி போனால் போதாது, பெட்டி திரும்பியும் வர வேண்டும்.

இதில் யார் காசு போகிறது என்று கேட்டான். நம் ஆர்டரில் பெரும்பாலானது எஃப்.ஓ.பி.; கப்பலில் ஏற்றிக் கொடுப்பதோடு நம் பொறுப்பு முடிந்தது, கூலி பையருடையது. காகிதத்தில் அப்படித்தான். ஆனால் கூலி ஏறினால் அடுத்த ஆர்டரில் பையர் ஒரு பீஸுக்கு ஐந்து சென்ட், பத்து சென்ட் குறைக்கச் சொல்வான். சரக்கு இரண்டு வாரம் தாமதமாகச் சேர்ந்தால் பணமும் பிந்தும். பேங்கில் வாங்கிய பேக்கிங் கிரெடிட்டுக்கு வட்டி மட்டும் நாள் தவறாமல் ஓடும். சீசன் தப்பினால் தள்ளுபடி, இல்லையென்றால் நம் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வான். நூல்காரனுக்குப் பணம் பிந்தும், ஜாப்வொர்க் எடுத்த சின்ன யூனிட்டுக்குப் பிந்தும். சனிக்கிழமை வாரச் சம்பளத்தை மட்டும் பிந்த விடக்கூடாது; அதை விட்டால் வீடுகளில் அடுப்பு எரியாது. அந்தச் சனிக்கிழமைக்காகக் கடன் வாங்கிய சின்ன முதலாளிகளை நான் அறிவேன். செங்கடலில் ஏவுகணை விடுகிறவனுக்கோ லண்டனில் ரேட் போடுகிறவனுக்கோ அனுப்பர்பாளையத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தெரியாது. அந்தப் பெண்ணின் ஓவர்டைம் நிற்பது எந்தப் போரின் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

அவனுக்குத் தெரிந்த ஒன்றும் இதில் உண்டு. போன வருடத்திலிருந்து ஒவ்வொரு பெட்டியிலும் சிலிக்கா ஜெல் பாக்கெட் கூடுதலாகப் போடச் சொல்கிறார்கள் அல்லவா? அவன் கையால்தான் போடுகிறான். காரணம் யாரும் சொல்லவில்லை. சூயஸ் வழியில் கப்பல் பூமத்திய ரேகையைத் தாண்டாது. ஆப்பிரிக்காவைச் சுற்றும்போது இரண்டு தடவை தாண்டுகிறது: வெயிலிலிருந்து குளிருக்கு, குளிரிலிருந்து மறுபடி வெயிலுக்கு. கன்டெய்னருக்குள் அடைபட்ட காற்று வேர்க்கிறது. கூரைத் தகட்டில் துளித்துளியாகத் தண்ணீர் கோத்துப் பெட்டிமேல் சொட்டும். அட்டை ஊறும், காட்டன் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியைத் திறந்ததும் வாடை அடித்தால் அந்த லாட்டையே பையர் ஒதுக்கிவிடுவான். அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். "இதுக்குத்தானுங்களா?" என்றான்.

கடைக்காரர் பாய்லரில் தண்ணீர் ஊற்றினார். கிளம்புவதற்கு முன்னால் ஒன்று சொல்லத் தோன்றியது. 2002-க்கு அப்புறம் போர் மறுபடி மூண்டு 2009 மே மாதம் முடிந்தது. கொழும்பு நிமிர்ந்துவிட்டது. 2013-ல் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் புது டெர்மினலே திறந்தார்கள். காரணம், அந்தத் துறைமுகத்துக்காக இந்தியக் கரை முழுக்கச் சரக்கு காத்துக் கிடந்தது. நம் பெட்டிகளும் அதில் உண்டு.

அதே தீவின் வடக்கே காங்கேசன்துறை. அங்கும் போர் முடிந்தது. இந்தியா ஆள் அனுப்பிக் கடலடியை அளந்து, மூழ்கிக் கிடந்த ஆறு கப்பல்களை 2012 ஜனவரிக்குள் அகற்றிக் கொடுத்தது. தூர் வாரினார்கள். 2018-ல் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியக் கடனுக்கு ஒப்பந்தம் ஆனது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் போனது. எத்தனையோ வருடம் கழித்து உறவுகள் கடல் வழியாகப் பார்த்துக்கொண்டார்கள், அது பெரிய விஷயம். ஆனால் கொழும்பில் போலச் சரக்கு வந்து குவியவில்லை. எப்படிக் குவியும்? அங்கே துறைமுகத்துக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த சிமெண்ட் ஆலை 1990-ல் நின்றது. சுற்றியிருந்த ஊர்களை உயர் பாதுகாப்பு வலயமென்று எடுத்துக்கொண்டு, தோட்டக்காரனையும் மீன்பிடிக்கிறவனையும் பல வருடம் அகதி முகாம்களில் வைத்திருந்தார்கள். தண்ணீருக்கடியில் கிடந்த இரும்பை மூன்றே வருடத்தில் தூக்க முடிந்தது. கரையில் நிலமும் வீடும் திருப்பிக் கொடுக்க அதைவிட எத்தனையோ மடங்கு காலம் எடுத்தது. துறைமுகத்துக்குப் பின்னால் உழைக்கிற ஊர் ஒன்று இருக்க வேண்டும். திருப்பூர் இல்லாமல் தூத்துக்குடியில் எத்தனை பெட்டி ஏறும், நீயே சொல் என்றேன். அவன் தலையாட்டினான்.

"அப்ப நிஜமாவே சரியாயிடுச்சுன்னு நமக்கு எப்படிண்ணா தெரியும்? டிவியில சொல்றதை நம்பக் கூடாதுங்களா?"

2002-ன் அந்தப் பில்களைச் சொன்னேன். மார்ச்சில் இருந்தது, ஏப்ரலில் இருந்தது, தொகை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் ஒரு நாள் வந்த பில்லில் கப்பல் கூலி, டெர்மினல் கட்டணம், டாகுமெண்ட் சார்ஜ், அதோடு கூட்டல். நடுவில் அந்த வரி இல்லை. நான் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"நம்ம பில்லுல இப்ப அந்த வரி இருக்குதுங்களா?"

"போன வாரம் வந்ததுல இருந்துச்சு கண்ணு."

அவன் கிளாஸை வைத்துவிட்டு மணி பார்த்தான். தூத்துக்குடி லாரிக்கு ஏழு மணிக்குள் லோடு ஏற்ற வேண்டும். இன்னும் அறுபது பெட்டிக்கு டேப் ஒட்டவில்லை. "அடுத்த பில் வந்தா எனக்கும் காட்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினான்.